பார்வதியின் வயிறு: ஒரு பழுது அறிக்கை

6 ஜூலை 2003, ஞாயிறு

விடிந்ததிலிருந்து கல்கத்தா முழுக்க மழை. டாக்குரியா பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர். பேப்பர் வரவில்லை. மீன்காரன் மட்டும் வந்தான். அவன் எந்த வெள்ளத்திலும் வருவான்.

இன்றைய வேலை: ஆபீஸ் ஃபாரத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டது. ஐந்து கட்டம். தேதி, நேரம். சாப்பிட்டது. எத்தனை நிமிடம். பழுதுக்கு முன் நடந்தது. குறிப்பு.

பழுது என்பது என் மனைவி பார்வதியின் வயிறு. (இனி பா.)

நேற்று கரியாஹாட்டில் புது லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மாதத்தில் நாலாவது டாக்டர். ரத்தம் சரி. மலம் இரண்டு தடவை, சரி. தைராய்டு சரி. ஸ்கேன் சரி. குழாய் விட்டுப் பார்த்தது, அதுவும் சரி. எல்லாமே சரி என்றால் இவள் எதற்கு இப்படி ஓடுகிறாள்? டாக்டர் சொன்னாள்: புண் இல்லை, பூச்சி இல்லை, ஆனால் வலி பொய் இல்லை. இரிட்டபிள் பவல் என்று பெயராம். எரிச்சல் பிடித்த குடல். இந்த வீட்டில் எரிச்சல்படுகிறவன் நான், பெயர் குடலுக்கு.

இரண்டு வாரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். என்ன சாப்பிட்டாள், எப்போது போனாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, மனசு எப்படி இருந்தது. பா.வைத்தான் எழுதச் சொன்னாள்.

“நானே எழுதுதேனே.”

“நீ எழுதினா டாக்டர் உக்காந்து அழுவா. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு, ஏட்டி.”

பத்தொன்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறேன். ரயில் பெட்டிக்குப் போகிற ரப்பர் குழாய் எங்கே வெடித்தது, ஏன் வெடித்தது, எழுதுவது என் வேலை. எங்கள் பழைய மேலதிகாரி சொல்வார்: பழுதுக்கு முந்தின அரை மணியில் நடந்தது ஒன்றையும் விடாதே, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று தும்மியிருந்தாலும் எழுது. இன்றுவரை தும்மலைக்கூட விட்டதில்லை.

மனசு எப்படி இருந்தது என்கிற கட்டம் போடவில்லை. அளக்க முடியாததை எழுதுவதில்லை.

7 திங்கள்

தூறல். ஆபீஸ் பஸ் தாமதம்.

பாத்ரூம் கதவு ஹால் நாற்காலியிலிருந்து நேராகத் தெரிகிறது. வசதி.

காலை 7.40. ரவை உப்புமா, அரை தட்டு. 11 நிமிடம். முன் நடந்தது: என் நீலச் சட்டையின் பட்டன் எங்கே என்று கேட்டேன். மூன்று தடவை கேட்டேன்.

7.58. ஒன்றும் சாப்பிடவில்லை. 9 நிமிடம். முன் நடந்தது: வெளியே வந்தவளிடம் “என்ன, உள்ளயே குடித்தனம் போட்டாச்சா” என்றேன்.

மாலை 6.20. நான் வந்து செருப்பைக் கழற்றின உடனே. டீ மட்டும். 14 நிமிடம். முன் நடந்தது: காலிங் பெல் அடித்தேன்.

நான் ஆபீசில் இருந்த ஒன்பது மணி நேரத்துக்குப் பதிவு இல்லை. “அப்ப ஒண்ணும் போகலைங்க” என்கிறாள். சாட்சி இல்லாத பதிவை எப்படி ஏற்பது? கோடு போட்டு விட்டுவிட்டேன்.

எதிர் ஃபிளாட் வங்காளி அம்மாள், போஸ் மாசிமா, வல்லாரை இலை ஒரு கட்டு கொண்டுவந்தாள். வாசலிலேயே சத்தமாக, “பார்போதி, பேட் கேமோன் ஆச்சே?” இந்த ஊரில் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பது குசலம் விசாரிப்பது மாதிரி. அவர்களுக்குள் அரை மணி பேச்சு. வாயு, அம்பல் என்கிற நெஞ்செரிச்சல், இஸப்கோல். பா. சிரித்துக்கொண்டே பேசினாள். மாசிமாவிடம் பேசும்போது வயிறு பிடித்துக்கொள்வதில்லை. கவனிக்க.

சோப்பு, பினாயில் வாங்க வேண்டும். பாத்ரூம் பல்பும்.

9 புதன்

வெயில், புழுக்கம்.

பா.வின் தங்கை மீனா சால்ட் லேக்கிலிருந்து போன். அக்காவைக் கேட்டாள். நான்தான் எடுத்தேன், என்ன விஷயம் என்றேன். உளறிவிட்டாள். சால்ட் லேக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. ஆறு முதல் எட்டு வரை. பா. விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மீனா வீட்டு முகவரி கொடுத்து. கடிதம் அங்கே வந்திருக்கிறது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்களாம்.

என் வீட்டில், எனக்குத் தெரியாமல்.

நான் கத்தவில்லை. கத்துவது எனக்குப் பிடிக்காது. சாப்பிடும்போது நிதானமாகக் கேட்டேன்: “ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போகணுமே. நடுவுல வந்துச்சுன்னா? கண்டக்டர்கிட்ட சொல்லி உல்டாடாங்கால நிறுத்தச் சொல்லுவியா? கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க. போர்டுல பாதிக் கணக்கப் போட்டுட்டு ஓடுவியா? மீதியப் பிள்ளைங்க போடுமா?”

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல கேள்விதானே.

“விசாகப்பட்டினத்துல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன்லா. அப்ப நல்லாத்தான் இருந்தேன்.”

“அப்ப நான் டூர்லயே கிடந்தேன். உன்னை யாரு பாத்தா?”

தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு நாலு தடவை. நாலும் எழுதியாகிவிட்டது, நான் சொன்னதோடு சேர்த்து, வார்த்தை மாறாமல், இங்கிலீஷில். கண்டக்டர் விஷயம் இங்கிலீஷில் அவ்வளவு எடுக்கவில்லை.

13 ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

ஆபீஸ் முருகேசனும் அவன் மனைவியும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். புதுசாகத் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். ஊர்ப் பேச்சு கேட்டதில் பா.வுக்குக் காலையிலிருந்தே முகம் தெளிந்திருந்தது. சொதி வைத்தாள், இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, அப்பளம், சேமியா பாயசம். நல்ல கைப்பக்குவம். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

முருகேசன் மனைவி சின்னப் பெண். நாலு மாதக் கர்ப்பம். அக்கா அக்கா என்று சமையல்கட்டிலேயே நின்றாள். பா. அவளுக்கு இஞ்சியைக் குறைத்துத் தனியாக எடுத்து வைத்தாளாம்.

இலையில் உட்கார்ந்ததும் பேச்சு சுவாரசியமாகப் போயிற்று. போன வருஷம் கோரமண்டல் ரயிலில் ஊருக்குப் போனபோது பா. கக்கூஸில் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்காததும், வெளியே ஒரு பெட்டியே வரிசையில் நின்றதும், டி.டி.இ. வந்து தட்டினதும். நான் நடித்துக் காட்டினேன். முருகேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. “பாவம், அக்காவுக்கு எப்பமும் இப்படியாண்ணே?” என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: “அந்த வயித்துல எதுவும் தங்காதும்மா. ரெண்டு பிள்ளை தங்கல. சோறு எங்க தங்கப் போகுது?”

பா. சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை முருகேசன் இலையிலேயே வைத்துவிட்டுப் போனாள். தாழ்ப்பாள் சத்தம். 38 நிமிடம். இதுவரை இதுதான் அதிகம்.

முருகேசன் அப்பளத்தை உடைத்து உடைத்துத் துகளாக்கினான். அவன் மனைவி எழுந்து போய்ப் பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள், நாலு மாதக்காரி. “அக்கா, நான் இங்கதான் இருக்கேன்” என்று ஒரு தரம் சொன்னாள். பா. வெளியே வருவதற்குள் புறப்பட்டுவிட்டார்கள்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் நான்தான். எனக்கு யார் என்ன ஆறுதல் சொன்னார்கள்?

எழுதிவிட்டேன். முழு வாக்கியமும். விட்டால் அறிக்கை அறிக்கையாக இருக்காது.

பாயசம் அப்படியே மிச்சம். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

19 சனி

பலத்த மழை. ரிக்ஷாவில் கரியாஹாட். குடையைப் பா. பக்கம்தான் அதிகம் பிடித்தேன். என் இடது தோள் முழுக்க நனைந்தது.

பதிமூன்று நாள், பதிமூன்று தாள், டேக் போட்டு, மேலே சுருக்கத்தோடு கொடுத்தேன். டாக்டர் முதலில் அசந்துதான் போனாள். “இவ்வளவு சுத்தமாக எந்தப் பேஷண்ட்டும் எழுதிக்கொண்டு வந்ததில்லை.” எனக்குப் பெருமைதான். பா. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் டாக்டர் படித்தாள். சாப்பாட்டுக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. பால், பருப்பு, காரம் என்று நான் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்ததெல்லாம் வீண். நாலாவது கட்டத்தை மட்டும் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனாள். ஏழாம் தாளில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தாள்.

சத்தமாகப் படித்தாள். நான் எழுதின இங்கிலீஷ்தான். ஆனால் அவள் குரலில் கேட்க நன்றாக இல்லை. கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தான்.

“இதை நீங்கள் சொன்னீர்களா?”

“ஆமாம். முன் நடந்தது என்கிற கட்டத்தில் போட வேண்டுமே.”

“மொத்தம் முப்பத்தோரு தடவை. இருபத்தொன்பதுக்கு முன்னால் நீங்கள் ஏதோ பேசியிருக்கிறீர்கள். மீதி இரண்டு?”

“ஒன்றில் பெல் அடித்தேன். இன்னொன்றில் பேசவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். என்னை வெளியே உட்காரச் சொன்னாள். பெஞ்சில் இருபத்தைந்து நிமிடம், பக்கத்தில் ஒரு கிழவர் தன் வாயுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே பா. அழுகிற சத்தம் கேட்டது. என்னிடம் ஒருநாளும் அப்படிச் சத்தமாக அழுததில்லை.

மறுபடி கூப்பிட்டாள். குடலுக்கும் மூளைக்கும் நடுவில் எப்போதும் பேச்சு நடக்கிறதாம். பயம், அவமானம், பழைய துக்கம் எல்லாம் அந்த வழியாக இறங்குமாம். எல்லாருக்கும் இதே காரணம்தான் என்றில்லை, ஆனால் உங்கள் வீட்டில் இதுதானா என்று பார்த்துவிடலாம் என்றாள். இரண்டு வாரம் பா. தங்கை வீட்டில் இருக்கட்டும். அதே சாப்பாடு, அதே மருந்து. “ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். உங்கள் வேலையிலும் அப்படித்தானே செய்வீர்கள்?”

அப்படித்தான் செய்வோம். இந்தப் பெண்பிள்ளை என் ஃபாரத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டாள்.

20 ஞாயிறு

மழை விட்டது. டாக்சியில் சால்ட் லேக்.

மீனாவிடம் வெற்றுத் தாள் பதினாலு கொடுத்தேன். எண்ணிக்கை மட்டும் போதும் என்றேன். தினம் மாலை ஏழுக்குப் போன் செய்து பா.விடம் பேசுவேன், எட்டுக்கு மீனாவிடம் எண்ணிக்கை வாங்கிக்கொள்வேன். மீனா, “சரி அத்தான்” என்று தாளை வாங்கி டி.வி. மேல் வைத்தாள்.

திரும்பும்போது கரியாஹாட்டில் இறங்கி முட்டை, பிரெட்.

24 வியாழன்

புழுக்கம். பிரெட் பூசணம்.

திங்கள்: 1. செவ்வாய்: 1. புதன்: 1. இன்று: 1. மூன்று, நாலு எங்கே, ஒன்று எங்கே.

எட்டு மணிப் போனில் மீனாவைக் கேட்டேன், அந்த ஒன்று எப்போது?

“சொன்னா கோவிச்சுக்கிடப்பிடாது அத்தான். நாள் பூரா நல்லாத்தான் இருக்கா. மார்க்கெட்டுக்கு வாரா, எண்ணெய்ல பொரிச்ச கச்சோரி திங்கா. ஏழு மணிக்கு நீங்க பேசி வச்சதும் போறா. அதான் ஒண்ணு. ரெண்டு நாளைக்குப் பேசாமத்தான் இருந்து பாருங்களேன்.”

கச்சோரி. நடுரோட்டில் நின்று கச்சோரி. இங்கே பாசிப்பருப்புத் தண்ணிக்கு அந்தப் பாடு.

27 ஞாயிறு

தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது.

வெள்ளி, சனி போன் செய்யவில்லை. மீனா இன்று சொன்ன எண்ணிக்கை: 0, 0.

இன்று காலை பத்துக்குச் செய்தேன். பா.வைக் கூப்பிடச் சொன்னேன். “பார்வதி” என்று மட்டும் சொன்னேன். அவள் “ம்” என்றாள். நான் வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மீனாவிடம் கேட்டேன். “உள்ள இருக்கா” என்றாள். அவள் குரலில் கோபம் தெரிந்தது.

ஆக, காரணம் கிடைத்துவிட்டது. பால் இல்லை, பருப்பு இல்லை, கல்கத்தாத் தண்ணீர் இல்லை. நான்.

வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நல்லவனாகத் தெரியும். கொஞ்சம் இருந்தது. ஆனால் இது என் சொந்த நோட்டு, இதில் எதற்கு நடிப்பு? உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆபீசில் என் பேச்சுக்கு ஒரு பியூன் எழுந்து நிற்பதில்லை. சால்ட் லேக்கில் ஒருத்தி என் குரலுக்கு எழுந்து ஓடுகிறாள்.

சட்டைகளை இஸ்திரிக்குப் போட்டேன். நாலு சட்டை, ஒரு பேண்ட்.

29 செவ்வாய்

மதியம் ஆபீசுக்குப் பா. போன் செய்தாள். அவளாகவே. ஆச்சரியம்.

“வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூங்க. ஒம்போதுக்குக் கிளம்புதேன்.”

“சரி.”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு மட்டும் போன் பண்ணாதீங்க. ஒரே ஒரு நாளு. கெஞ்சிக் கேக்கேன்.”

“சரி, சரி. நான் எதுக்குப் பண்ணப் போறேன்?”

“பண்ண மாட்டீங்கல்ல?”

“ஏட்டி, ஆபீஸ்ல ஆளு இருக்கு. வை.”

முருகேசன் இப்போது என்னுடன் டீ குடிக்க வருவதில்லை. வேலை அதிகம் என்கிறான்.

30 புதன்

மழை வரும்போல் இருந்து வரவில்லை.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. பாத்ரூம் கதவு நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. போஸ் மாசிமா என்னிடம் எதுவும் கேட்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாம்பார் வைத்தேன், புளி கூடிவிட்டது. கொட்டினேன்.

அவளுக்கு வேலை கிடைத்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடம் சால்ட் லேக். தங்கை வீடு சால்ட் லேக். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே தங்குவாள். அப்புறம் நாலு நாள். அப்புறம் புடவைப் பெட்டியை எடுக்க மீனாவோடு வருவாள். எனக்கு ஐம்பதாகப் போகிறது. தோசை வார்க்கத் தெரியாது. பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உட்காரப் பிடிக்கவில்லை. இதைச் சொல்லலாம்தான். சொல்லிப் பழக்கமில்லை.

நான் கெட்டவன் இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் அவள் அவமானப்படுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது.

என்ன சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: “முடியலைன்னா போகாத, ஒண்ணும் கட்டாயம் இல்ல.”

இரண்டு: “பாத்ரூம் எங்க இருக்குன்னு முதல்லயே கேட்டு வச்சுக்கோ.”

மூன்று: “தைரியமாப் போ. வயித்தப் பாத்துக்கோ.”

மூன்றாவதுதான். யார் கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. பழைய தாள்களின் நகலைப் புரட்டிப் பார்த்தேன், வயிறு என்கிற வார்த்தை வந்த இடங்களில் எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் போயிருக்கிறாள்.

31 வியாழன்

வெயில். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

8.40க்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

“நான்தான். சும்மா கூப்பிட்டேன். தைரியமாப் போ. வயித்தப் பாத்துக்கோ.”

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பண்ணிட்டீங்க,” என்றாள்.

“நல்லதுதான சொன்னேன்?”

“இன்டர்வியூ திங்கக்கிழமையே முடிஞ்சிட்டுங்க. நேத்தே வேலையில சேந்துட்டேன்.”

“பின்ன எதுக்கு இன்னைக்குன்னு சொன்னே?”

“நீங்க பண்ணாம இருப்பீங்களான்னு பாக்கணும்னு தோணிச்சு. மீனா வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேக்கல. நீங்க பண்ணாம இருந்திருந்தா, இன்னைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரா வீட்டுக்கு வந்திருப்பேன். பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன்.”

“ஏட்டி, இங்க பாரு...”

வைத்துவிட்டாள்.

உடனே மறுபடி போட்டேன். மீனா எடுத்தாள்.

“அவளைக் கூப்பிடு.”

“போயிட்டா அத்தான்.”

“பாத்ரூமுக்கா?”

“இல்ல அத்தான். பஸ்ஸுக்கு.”